மஞ்சள் குமிழிலிருந்து கையை எடுக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய பாதுகாப்புக் குழுவினருக்கு,

வணக்கம். இழுவை விமானத்தின் பின்னால் கயிற்றில் கட்டிய கிளைடர் (இயந்திரமில்லா விமானம்) புறப்படும்போது கயிறு தவறிக் கழன்றுவிடும் என்று அஞ்சி, மாணவர்கள் கயிற்றை விடுவிக்கும் மஞ்சள் குமிழில் இடக்கையை வைக்காமல் மடியில் வைத்திருக்கட்டும் எனச் சுற்றறிக்கை விட்டிருக்கிறீர்கள். போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். இறக்கை நுனி ஓடுபாதையோர நெடும்புல்லில் சிக்கிக் கிளைடர் சுழன்றபோதும் கயிறு கழற்றப்படவில்லை. அதற்குப் பிறகும் இந்தச் சுற்றறிக்கையா? தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

முதல் சில நொடிகளைப் பாருங்கள். கிளைடரின் எடை ஒற்றைச் சக்கரத்தின் மேல். இறக்கை மட்டமாக இருக்க அதன் நுனியைப் பிடித்து ஓடுபவர் சில எட்டுகளில் விட்டுவிடுவார். அந்தக் குறைந்த வேகத்தில் எய்லரானுக்கு (இறக்கையைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் அதன் பின்விளிம்பில் உள்ள அசையும் பலகை) போதிய காற்று கிடைக்காது; அதை இயக்கும் ஸ்டிக்கை முழுக்கச் சாய்த்தாலும் தாழ்ந்த இறக்கை மெதுவாகத்தான் எழும். அந்த இறக்கையில் கீழிறங்கும் எய்லரானோ காற்றுத் தடையைக் கூட்டி மூக்கை அதே பக்கம் திருப்பும். எதிர்ப் பெடலை முழுக்க மிதிக்க வேண்டும்; அது அசைக்கும் வால் சுக்கானுக்கும் அப்போது வலு போதாது. கயிற்றை மாட்டும் கொக்கி மூக்கில் இருந்தால் கயிறே ஓரளவு நேராக்கும். சக்கரத்தருகே வயிற்றுக் கொக்கி மட்டும் உள்ளவற்றில் அந்த உதவியும் இல்லை. பக்கக்காற்றில் இழுவை விமானத்தின் புரொப்பெல்லர் காற்று விலகி வந்து ஒரு இறக்கையை மட்டும் தூக்கிவிடும்.

நுனி புல்லைத் தொட்டபின் மடியிலிருக்கும் கை குமிழைத் தேடிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முழு விசையில் ஓடும் இழுவை விமானிக்குப் பின்னால் நடப்பது உடனே தெரியாது.

உங்கள் அச்சம் புரிகிறது. ஆனால் குமிழை இறுகப் பற்ற வேண்டியதில்லை. விரல்கள் அதன்மேல் இருந்தால் போதும், குலுக்கலில் இழுபடாது. பிரிட்டிஷ் கிளைடிங் அசோசியேஷன் 2005-இல் தொடங்கிய வின்ச் (தரையிலிருந்து கயிற்றைச் சுருட்டிக் கிளைடரை ஏவும் இயந்திரம்) பாதுகாப்பு முயற்சி சொல்வது இதுதான்: கை கயிற்றை விடுவிக்கும் குமிழில் இருக்கட்டும், இறக்கையை மட்டமாக வைக்க முடியாவிட்டால் நுனி தரையைத் தொடுமுன் கயிற்றை விடு. வின்ச்சுக்கு ஒரு நியாயம், இழுவை விமானத்துக்கு இன்னொன்றா?

இறக்கை நுனியைப் பிடிக்க யார் கிடைத்தாலும் அவரை நிற்க வைக்கிறார்கள். அவர் பின்னுக்கு இழுத்தால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. புல்லை வெட்டச் சொல்லி எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. தரை விட்டபின்னும் ஆபத்து தீர்வதில்லை: முதலில் எழும் கிளைடர் இழுவை விமானத்துக்கு மேலே ஏறிவிட்டால் கயிறு இழுவை விமானத்தின் வாலைத் தூக்கி மூக்கைத் தரையில் குத்த வைக்கும். அங்கேயும் இழுவை விமானியின் உயிர் குமிழ்மேல் இருக்கும் கையில்தான்.

அடுத்த சனிக்கிழமை பறத்தல் தொடங்குமுன் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, கை குமிழ்மேல் இருக்க வேண்டும் என்ற விதியை எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிளைடர் பயிற்றுநர்கள் சிலர்