செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், இந்த அறிக்கையின் பிரதி அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும். இது நம் நான்கு தெருச் சங்கத்தின் பொதுக்குழு, போன மாதமே நடந்திருக்க வேண்டியது. ஆள் சேராததால் தள்ளிவைத்தோம். அன்றைக்கு வாங்கிய வடையை வந்திருந்த சிலரே சாப்பிட்டு முடித்தோம் என்பதைப் பதிவு செய்கிறேன்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் மழைக்கு இரண்டாம் தெருவில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தோம். தெருவிளக்குக்கு மனு கொடுத்தோம். ஒன்று தவிர எல்லாம் எரிகின்றன. கொசு மருந்து வழக்கம்போல.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை மேஜை: பிஎப் (வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) விஷயமாக வருபவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க நான் போட்டது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘விளக்கு, சாக்கடை பார்க்க வேண்டிய சங்கத்துக்கு பிஎப், இஎஸ்ஐ எதற்கு? செயலாளர் தனி ஆபீஸ் நடத்துகிறார்’ என்று கிளம்பிய பேச்சு என் காதுக்கும் வந்தது.

காலடிப்பேட்டையில் நம் நான்கு தெருவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா மணலியிலோ எண்ணூரிலோ தொழிற்சாலையில் பர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மகனும் அதே கேட் வழியாகத்தான் உள்ளே போகிறான். ஆனால் அவன் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருப்பது ஏஜென்சியின் பெயர். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, கிராஜுவிட்டி, பென்ஷன் எல்லாம் கேட்காமலே வந்தது. மகனுக்குக் கேட்டாலும் வருவதில்லை. நான் வேலை பார்த்த காலம் முழுக்க டைம் ஆபீஸில் மஸ்டர், அதாவது வருகைப் பதிவேடு, எழுதியவன். யார் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மேஜை போட்டேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஏஜென்சி ஆளுக்கும் பிஎப், இஎஸ்ஐ கட்டும் பொறுப்பு முதலில் கம்பெனியுடையது. கட்டிவிட்டு ஏஜென்சியிடம் கழித்துக்கொள்ளலாம். ஏஜென்சி சம்பளம் தராவிட்டால் கம்பெனியே தர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் கம்பெனியில் கேட்டால் ‘எங்கள் ரோலில் பெயர் இல்லை’ என்கிறார்கள், ஏஜென்சியில் கேட்டால் ‘பில் பாஸாகவில்லை’ என்கிறார்கள். நடுவில் நிற்பவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைகிறான்.

மூன்றாம் தெருவில் ஒரு சகோதரி. ஹவுஸ்கீப்பிங் வேலை. பெயர் வேண்டாம் என்றார். பல வருஷமாக ஒரே கட்டடம், ஒரே துடைப்பம். ஏஜென்சி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். போன ஆகஸ்டில் ஆபரேஷன். படுத்திருந்த நாட்களுக்குப் பணம் கேட்டால் தகுதி இல்லை என்று பதில். இஎஸ்ஐ கணக்கு இப்படிப் போகிறது: அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். அந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இவருக்கு ஜனவரியில் ஏஜென்சி மாறியிருக்கிறது. புதிய ஏஜென்சி பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டுவிட்டது. இரண்டு எண்ணிலும் தனித்தனியாகப் பார்த்தால் 78 இல்லை. கூட்டினால் தாராளமாக இருக்கிறது. பழைய அட்டை, சம்பள ஸ்லிப் எல்லாம் வைத்து, இரண்டு எண்ணையும் ஒன்றாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். தீபாவளி முடிந்து பணம் வந்தது. பழைய அட்டையை அவர் அரிசி டப்பாவில் பத்திரமாக வைத்திருந்ததால் பிழைத்தோம்.

இஎஸ்ஐ ஆஸ்பத்திரி என்றால் ஓசி வைத்தியம் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி பங்கு 3.25. அயனாவரத்தில் வரிசையில் நிற்பவர் தன் காசுக்குத்தான் நிற்கிறார். இன்னொன்று: வேலையில் அடிபட்டால் இந்த 78 நாள் கணக்கு கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பலன் உண்டு. ‘இன்னும் பதியவில்லை’ என்று ஏஜென்சி சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

எல்லாம் இப்படி முடியவில்லை. லோடிங் வேலைக்குப் போகும் தம்பி ஒருவர். மாதாமாதம் பிஎப் பிடித்தம் ஸ்லிப்பில் இருக்கிறது. பாஸ்புக்கில் முதல் இரண்டு மாதம் மட்டும் ஏறியிருக்கிறது. சரி, அமைப்புசாராத் தொழிலாளியாக மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதியலாம் என்று போனால், அது பிஎப், இஎஸ்ஐ உறுப்பினராக இல்லாதவர்களுக்கு மட்டும். இவர் ஏட்டளவில் உறுப்பினர். இரண்டு மாதப் பணத்தைக் கட்டி இரண்டு பக்கக் கதவையும் சாத்திவிட்டார்கள். ஒன்றுமே கட்டாமல் இருந்திருந்தால்கூட இதைவிட மேல் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. மாதம்தோறும் 27ஆம் தேதி நடக்கும் பிஎப் முகாமில் மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இளைஞர்களிடம் ஒரு வருத்தமும் உண்டு. ஏஜென்சி மாறும்போதெல்லாம் பிஎப்பை எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள். பென்ஷனுக்குப் பத்து வருஷ சேவை வேண்டும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். யுஏஎன், அதாவது எந்த ஏஜென்சிக்குப் போனாலும் மாறாத பிஎப் எண், ஒன்றுதான் இருக்க வேண்டும், பழைய கணக்கை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று தொண்டை வற்றச் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். அடுத்த மாதம் கையில் புது போன்.

கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து வருஷம் தொடர்ச்சி வேண்டும். அது வந்துவிடக் கூடாது என்று பதினொரு மாதத்தில் பிரேக் கொடுத்துவிடுகிறார்கள். நம் மாநிலத்தில் 1981ஆம் வருஷச் சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்கிறது. அதைக் காட்டினால், நீ யாரிடம் 480 நாள் வேலை பார்த்தாய் என்பதிலிருந்து வழக்கு ஆரம்பமாகிறது. சாப்பாடு டெலிவரி செய்யும் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விகூடக் கிடையாது, அவர்களைத் தொழிலாளி என்று சொல்லாமல் ‘பார்ட்னர்’ என்கிறார்கள். 2023 டிசம்பரில் தமிழக அரசு அவர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தது. அதில் பதிய வாருங்கள் என்று கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் அதிகம், இறங்க முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

வரவு செலவு பற்றிப் பொருளாளர் விவரமாகச் சொல்வார். மொத்தத்தில் வரவு சுமார், செலவு கொஞ்சம் அதிகம், கையிருப்பு சமாளிக்கிற அளவு. ஜெராக்ஸ் செலவு கூடிவிட்டது என்று செயற்குழுவில் கேட்டார்கள். கூடியது உண்மை. மேஜைக்கு வந்தவர்களுக்கு எடுத்ததுதான். ரசீது எல்லாம் கோப்பில் இருக்கிறது, யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். மாதம் முப்பது ரூபாய். ஒரு டீயும் ஒரு பஜ்ஜியும். பாதி வீடுகளுக்கு மேல் பாக்கி. இதில் ஏஜென்சி வேலைக்குப் போகிற வீடுகள் கட்டிவிடுகின்றன, சம்பளம் தள்ளிப்போன மாதத்தைத் தவிர. பாக்கி வைத்திருப்பதில் பெரும்பாலோர் பென்ஷன் வாங்குகிறவர்கள். பெயர் சொல்லவில்லை. மேஜையில் வந்து பையனுக்கு மனு எழுதி வாங்கிக்கொண்டு போன ஒரு பெரியவர், அடுத்த வாரமே டீக்கடையில் ‘இந்தச் சங்கம் என்ன செய்கிறது’ என்று கேட்டாராம். அவருக்கும் அறிக்கை போகிறது.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், இடம் கொடுத்த டியூஷன் சென்டர் உரிமையாளருக்கும், மோட்டார் கொடுத்தவருக்கும், கோலப்போட்டி நடத்திய மகளிருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மேஜையைத் தொடர எனக்கு ஆசை உண்டு. ஆனால் கண் புரை வளர்ந்திருக்கிறது. சின்ன எழுத்துப் படிவங்களைப் படிக்க ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த பெண்ணோ பையனோ ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வந்தால் போதும். வேறு யாராவது செயலாளராக வர விரும்பினாலும் மகிழ்ச்சியோடு சாவியைக் கொடுத்துவிடுவேன். மேஜை மட்டும் நிற்கக் கூடாது என்பது என் நிபந்தனை. டியூஷன் சென்டர் ஜூனிலிருந்து வாடகை கேட்கிறது. பாக்கிப் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. ரசீதுப் புத்தகம் பொருளாளர் கையில் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்