பாப்பா, ஜெர்மன் வகுப்புக்குத் தமிழையும் கூட்டிக்கொண்டு போ

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. "சி1 எனக்கு வராதுக்கா, தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்குக் கஷ்டம்னு வகுப்புலயே சொல்றாங்க, பி2-வோட நிறுத்திக்கறேன்" என்றாய். ஜெர்மன் மொழித் தேர்வுகளில் பி2-க்கு அடுத்த மேல்நிலைதான் சி1. அந்தக் கூட்டத்திலும் சத்தத்திலும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. உன்னை மாதிரி இன்னும் பல பேர் இருப்பார்கள், அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

எனக்கும் இதே பேச்சு கிடைத்தது. கல்லூரியில் ஓர் ஆசிரியர், தமிழில் யோசித்தால் ஜெர்மன் வராது, ஆங்கிலத்தில் யோசி என்றார். நம்பினேன். இரண்டு வருஷம் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுவந்து, வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தேன். அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் தாம்பரம் ரயிலில் அம்மாவோடு வந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு ஜெர்மன் செய்தித்தாள் பக்கம். "என்னடி எழுதியிருக்கு அதுல?" என்று அம்மா கேட்டாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் நேராகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லத்தான் கவனித்தேன், சொற்களை நான் இடம் மாற்றவே இல்லை, அவை இருந்த வரிசையிலேயே தமிழாகிக்கொண்டிருந்தன. உன்னைப் பயமுறுத்துகிற அந்த நீளமான பெயரடைத் தொடர்களை எடுத்துக்கொள். 'தஸ் கெஸ்டர்ன் ஃபோன் மைனர் முட்டர் கெகௌஃப்டெ பூஹ்.' ஆங்கிலத்தில் சொல்ல 'புத்தகம்' என்ற சொல்லை முன்னால் இழுத்து, பின்னால் ஒரு 'விச்' போட வேண்டும். தமிழில்? 'நேற்று என் அம்மா வாங்கிய புத்தகம்.' அவ்வளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்து நீ படித்த பெயரெச்சம். சி1 பாடங்களில் பக்கம் பக்கமாக வருவது இதுதான், நீ இதைப் பேசிக்கொண்டே வளர்ந்தவள்.

'வைல் இஹ் கெஸ்டர்ன் க்ராங்க் வார்' (நேற்று எனக்கு உடம்பு சரியில்லாததால்) என்று வினை கடைசியில் வந்தால் உனக்கு எதற்குப் பயம்? நம் வினை எப்போதும் அங்கேதான் இருக்கிறது. 'மியர் இஸ்ட் கால்ட்' என்றால் 'எனக்குக் குளிருது', அதே நான்காம் வேற்றுமை. அப்புறம் அந்த 'டோஹ்' என்கிற குட்டிச் சொல். அகராதியில் தேடித் தேடிச் சலித்துப்போயிருப்பாய். 'தாஸ் ஹாபெ இஹ் தியர் டோஹ் கெஸாக்ட்' என்பதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழில் ஓர் ஏகாரம் போதும்: 'அதைத்தான் சொன்னேனே!' 'கோம் டோஹ்' என்றால் 'வாயேன்'.

இன்னொருவர் சொன்னதை எடுத்துச் சொல்ல வரும் வினை வடிவமான 'கொன்யுங்டிவ் 1' புரியவில்லை என்றாயே, அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். அமைச்சர் தனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னதை எழுதும்போது நிருபர் 'எர் வைஸ்' என்று எழுதாமல் 'எர் விஸ்ஸெ' என்று எழுதுகிறார். அது அமைச்சர் சொன்னது, உண்மையா என்பதற்கு நான் பொறுப்பில்லை என்று அந்த வினை வடிவமே சொல்லிவிடுகிறது. நம் வீட்டில் பாட்டி "அவனுக்கு ஒண்ணும் தெரியாதாம்" என்பாளே, அந்த 'ஆம்' செய்கிற வேலை. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டியின் 'ஆம்'-இல் சில நேரம் நம்பாத தொனி இருக்கும், ஜெர்மன் வடிவம் அதைவிட நடுநிலையானது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் செய்திகளைப் படிக்கும்போது தடுமாற மாட்டாய்.

எல்லாவற்றுக்கும் தமிழ் கைகொடுக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். பொருளைப் பார்த்துத் திணை சொல்லிப் பழகியவர்கள் நாம். அங்கே கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. உங், ஹைட், கைட் என்று முடிந்தால் பெண்பால் என்பது போன்ற சில விதிகள் உதவும், மற்றதெல்லாம் மனப்பாடம்தான், நான் இன்றும் செய்கிறேன். சொல் அழுத்தமும் அப்படித்தான். 'உம்ஃபாரென்' என்பதில் 'உம்' மேல் அழுத்தினால் வண்டியால் இடித்துத் தள்ளுவது, 'ஃபா' மேல் அழுத்தினால் சுற்றிப் போவது. இதற்குக் காதைத்தான் பழக்க வேண்டும். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல மெதுவாக வாசிக்கிற செய்திகளில் ஆரம்பி. பிறகு டாகஸ்ஷௌ என்கிற டிவி செய்தி, அங்கே இரவு 8 மணி, அவர்களுக்குக் கோடையானால் நமக்கு இரவு 11.30. மறுநாள் காலையில் ரயிலில் கேட்டாலும் சரி.

தேர்வை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கதே நிறுவனம் நடத்தும் சி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். ஒன்றில் தவறினால் அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். வேலைக்கு பி2 போதும் என்று சித்தப்பா சொல்வது பல வேலைகளுக்கு உண்மைதான். ஆனால் உனக்கு அங்கே போய் ஜெர்மனிலேயே இலக்கியம் படிக்க ஆசை என்று எனக்குத் தெரியும், அதற்கு பி2 பற்றாது.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். பத்து வருஷத்தில், 1716-இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சானது. அந்த மனிதர் வந்த வழியில்தான் நீ எதிர்ப்பக்கமாகப் போகிறாய்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோட்டூர்புரம் நூலகத்துக்கு வா. உனக்குப் புரியாத செய்திப் பக்கம் எதுவோ அதையே எடுத்து வா, ஒரு தமிழ் நோட்டும். முதல் பத்தியை நீ வாய்விட்டுத் தமிழில் சொல்லு, நான் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா