முதலாண்டுத் தமிழ் வகுப்பு: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புத் தோழி,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே தாவரவியலில் இடம் கிடைத்துவிட்டது என்பதையும், அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்பதையும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கு மதுரையில் நாங்கள் அனைவரும் நலம்.

இத்தனை ஆண்டுகளாக முதுகலை வகுப்புகளை மட்டுமே நடத்திவந்த உனக்கு, இந்த ஆண்டு முதலாண்டு மாணவர்களுக்கான பகுதி 1 தமிழை, அதாவது பிற துறை மாணவர்கள் படிக்கும் மொழிப்பாடத்தை, ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும், எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த வகுப்பை மூத்தவர்கள் விலக்கிவைத்துப் புதிதாகச் சேர்ந்தவர்களின் தலையில் கட்டும் வழக்கம் பல துறைகளில் இருக்கிறது. எனக்கு அது சற்றும் உடன்பாடில்லை. கல்லூரியில் நாம் எடுக்கும் வகுப்புகளிலேயே மிகுந்த பொறுப்புடையது அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதுகலைக்கு வருபவர் தமிழைத் தேடி வருகிறார். பகுதி 1 வகுப்பில் இருப்பவர்களோ கணிதமும் வேதியியலும் வரலாறும் படிக்க வந்தவர்கள். நான்கு பருவங்கள் முடிந்ததும், ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரு தமிழ்க் கவிதையைப் படிக்கும் வாய்ப்பு அவர்களுடைய வாழ்நாளில் மீண்டும் வராது.

பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால் செய்யுள் ஓர் அலகிலும், சிறுகதை ஓர் அலகிலும், இலக்கிய வரலாறு ஓர் அலகிலும், மொழிப்பயிற்சி கடைசி அலகிலுமாக இருக்கும். அந்த வரிசையிலேயே நடத்தினால் படிப்பது ஒரு வேலையாகவும் எழுதுவது வேறொரு வேலையாகவும் பிரிந்துவிடுகின்றன. கடைசி அலகுக்கு வரும்போது தேர்வு நெருங்கியிருக்கும்; வல்லினம் மிகும் இடங்களை அவசரமாக எழுதிப்போட்டு முடித்துவிடுவோம். நான் முதல் வாரத்திலிருந்தே இரண்டையும் ஒன்றாக நடத்துகிறேன். ஒரு கவிதையைப் படித்த அதே வாரத்தில், அந்தக் கவிதை செய்திருக்கும் ஏதேனும் ஒன்றைத் தாமும் செய்துபார்த்து ஒரு பக்கம் எழுத வேண்டும். நான் உனக்குச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

முதல் வாரம் நான் எடுத்துக்கொள்வது குறுந்தொகையின் 167ஆம் பாடல். பாடத்திட்டத்தில் அது இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நான்கடி முதல் எட்டடி வரையிலான பாடல்கள் என்பதால் குறுந்தொகை ஒரு மணி நேர வகுப்புக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. கூடலூர் கிழாருடைய அந்த ஆறு அடிகளைச் சீர் பிரித்துக் கரும்பலகையில் எழுதிவிட்டு, உரை எதுவும் சொல்லாமல், தெரிந்த சொற்களுக்கு அடிக்கோடு இடச் சொல்வேன். தயிர், விரல், புகை, புளி, கணவன், இனிது, முகம் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். கலிங்கம் என்றால் ஆடை, குய் என்றால் தாளிப்பு, அட்ட என்றால் சமைத்த என்று சிலவற்றை மட்டும் நான் சொல்லுவேன். அதற்குள் காட்சி எழுந்துவிடும். மனைவி தயிரைப் பிசைந்த விரல்களைத் துடைத்துக்கொண்ட ஆடையைத் துவைக்காமல் அப்படியே உடுத்திக்கொண்டு, கண்ணில் தாளிப்புப் புகை நிறைய, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று சொல்லி உண்கிறான்; அவள் முகம் மகிழ்கிறது.

பிறகு கேள்விகள். அவளுக்குக் கணவன்மீது அன்பு உண்டு என்று பாடலில் எங்கே சொல்லியிருக்கிறது? தேடுவார்கள், கிடைக்காது. உணர்ச்சியைச் சொல்லும் வினை பாடலில் ஒன்றே ஒன்றுதான் என்றும், அதுவும் கடைசி அடியில் வருகிறது என்றும், மகிழ்ந்தது அவள் என்றுகூடச் சொல்லாமல் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே' (ஒளிரும் நெற்றியுடையவளின் முகம் நுட்பமாக மகிழ்ந்தது) என்று முகத்தைச் சொல்லிப் புலவர் நிறுத்திக்கொள்கிறார் என்றும் அவர்கள் தாமாகவே வந்து சேர்வார்கள். இந்த ஆண்டு வரலாற்றுத் துறை மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படின்னா மேம், இதைச் சொல்ற ஆளு அந்த முகத்தைக் கிட்ட இருந்து பார்த்திருக்கணும். ரொம்ப நாளா பழகுன ஆளா இருக்கணும், இல்லாட்டி அவ்வளவு சின்ன மாற்றம் தெரியாது" என்றான். அதற்குப் பிறகுதான், புதுமனைவியின் வீட்டுக்குப் போய்வந்த செவிலி (வளர்த்த தாய்) நற்றாயிடம் (பெற்ற தாயிடம்) சொல்வதாக அமைந்த பாடல் இது என்று சொன்னேன். கூற்று (பேசுவது யார்), துறை (எந்தச் சூழல்) என்றெல்லாம் முன்னதாகவே எழுதிப்போட்டிருந்தால் அந்த மாணவன் அவற்றை மனப்பாடம் செய்திருப்பான். இப்போது அவை எதற்காக இருக்கின்றன என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மாணவியர் சிலர் வேறு கேள்வியும் எழுப்பினார்கள். அவள் புகையில் நின்று சமைக்கிறாள், அவன் ஒரு சொல் சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறான், இதைப் போய் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்டார்கள். அந்த விவாதத்தை நான் தடுப்பதில்லை. எந்தப் பக்கம் பேசினாலும் பாடலின் எந்தச் சொல்லை வைத்துப் பேசுகிறாய் என்பதை மட்டும் கேட்பேன். துவைக்காத ஆடையை ஒருத்தி உழைப்பின் சுமையாகவும் மற்றொருத்தி பரிமாறும் ஆர்வத்தின் அவசரமாகவும் எடுத்துப் பேசியபோது, திறனாய்வு என்ற சொல்லைச் சொல்லாமலேயே வகுப்பு அதைச் செய்துகொண்டிருந்தது.

அடுத்த வகுப்பில் எழுதச் சொல்வேன். உங்கள் வீட்டில் ஒருவர் வேலை செய்வதைப் பார்த்தபடி ஒரு பக்கம் எழுத வேண்டும். அன்பு, பாசம், தியாகம், தெய்வம் ஆகிய சொற்கள் வரக் கூடாது. பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பழகிவந்த பிள்ளைகளுக்கு இது முதலில் கடினமாகவே இருக்கிறது. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் வேதியியல் மாணவி ஒருத்தியின் தாள், அன்னை என்பவள் யார் என்ற பொதுப்பேச்சோடுதான் தொடங்கியது. ஆனால் பக்கத்தின் நடுவில் இப்படி எழுதியிருந்தாள்: "அம்மா மல்லிகை எடுக்கும்போது பேச மாட்டார். வெயில் ஏறினால் மொட்டு வாய் திறந்துவிடும். வாய் திறந்த பூவுக்கு விலை கிடையாது." அதற்கு மேலே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு அங்கிருந்து தொடங்கச் சொன்னேன். திருத்தி எழுதிய தாளில், தலையில் விளக்கு மாட்டிய அம்மா, மடித்துக் கட்டிய சேலை மடியில் விழும் மொட்டு, ஈரத்துணி போர்த்திய கூடையை வண்டியில் வைத்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கிளம்பும் அண்ணன் எல்லோரும் வந்துவிட்டார்கள். அதை வகுப்பில் வாசித்தபோது யாரும் கைபேசியைப் பார்க்கவில்லை.

மதுரை நகரைப் பாடும் நெடும்பாட்டான மதுரைக்காஞ்சியைப் பருவத்தின் இரண்டாம் பாதிக்கு வைத்திருக்கிறேன். 782 அடிகளையும் நடத்த முடியாது; நாளங்காடி (பகல் சந்தை), அல்லங்காடி (இரவுச் சந்தை) வரும் பகுதியையும், இரவின் யாமங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து விடியலுக்கு வரும் பகுதியையும் படிக்கிறோம். இவ்வளவு பெரிய நகரத்தை மாங்குடி மருதனார் எந்த ஒழுங்கில் சொல்கிறார் என்பதே அங்கு கேள்வி. பொழுதின் ஒழுங்கில் சொல்கிறார் என்று கண்டுகொண்ட பிறகு, விளக்குத்தூண் பகுதியையோ மாசி வீதிகளில் ஒன்றையோ பொழுதின் வரிசையில் எழுதச் சொல்கிறேன். இரவில் பரோட்டாக் கடையில் வேலை பார்க்கும் மாணவன் எழுதிய பக்கம் அந்த வகையில் மிகச் சிறந்தது. மாலையில் மாவு பிசைவதில் தொடங்கிக் கடை கழுவும் நள்ளிரவு வரை ஓர் இடத்திலும் வரிசை தப்பவில்லை.

இலக்கணத்தை அவர்கள் எழுதிய பக்கங்களிலிருந்தே எடுக்கிறேன். "மதுரையில் உள்ள தெருக்கள் தமிழ் மாதங்களின் பெயரால் அழைக்கப்படுகிறது" என்று ஒரு தாளில் இருந்தது. அழைக்கப்படுவது எது என்று கேட்டதுமே பாதி வகுப்பு 'அழைக்கப்படுகின்றன' என்றது. எழுவாயும் பயனிலையும் தூரமாகும்போது பிழை வருகிறது என்பதை இதைவிட நன்றாக எந்த விதியாலும் சொல்ல முடியாது.

இலக்கிய வரலாற்றை முதலில் நடத்தினால்தான் பாடல் விளங்கும் என்று இங்கு சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. நான்கு பாடல்களை ஊன்றிப் படித்த மாணவன் "இது எப்படி மேம் நம்ம கைக்கு வந்துச்சு?" என்று தானே கேட்பான். அன்றைக்கு ஓலைச்சுவடிகளைப் பற்றியும், 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் 1937இல் குறுந்தொகையையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரைப் பற்றியும் சொன்னால் அது மனத்தில் தங்கும். 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கம் நம் ஊரிலேயே இருப்பதால் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்கிறேன். நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் விட்டுவிட்டால், தமக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்துவிடுகிறார்கள்.

நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. அறுபது எழுபது பேருடைய தாள்களை வாராவாரம் திருத்தினால் நாம் படுத்துவிடுவோம். ஆகவே ஒரு வாரத்துக்குக் கால்பங்குத் தாள்களை மட்டும் ஊன்றிப் படிக்கிறேன். சிவப்பு மையால் நிரப்பாமல் கீழே ஒரு கேள்வி எழுதுகிறேன். திருத்தி எழுதிய படிக்குத்தான் அகமதிப்பீட்டில் மதிப்பெண். கைபேசியிடம் கேட்டால் கட்டுரை வந்துவிடும் காலம் இது என்பதால் எழுத்தை வகுப்பறையிலேயே, கையாலேயே வைத்துக்கொள்கிறேன். நோட்ஸ் கேட்பார்கள், 75 மதிப்பெண் தேர்வு அவர்களுக்கு முக்கியம் என்பதால் பருவ முடிவில் குறிப்புகளும் தருகிறேன். அதில் தவறில்லை.

உன் கல்லூரிப் பாடத்திட்டத்தின் நகலை அனுப்பு. எந்தப் பாடலை எந்த வாரத்தில் வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். உன் மாணவர்கள் முதலில் எழுதும் பக்கங்களில் சிலவற்றையும், அவர்கள் சம்மதித்தால், படியெடுத்து அனுப்பு. இங்குள்ளவர்கள் எழுதியதை நான் அனுப்புகிறேன். நொய்யல் கரைப் பிள்ளைகள் தம் வீட்டு வேலையை எப்படி எழுதுகிறார்கள் என்று என் வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும். ஆயுத பூசை விடுமுறையில் மதுரைக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, தாள்களோடு வா.

அன்புடன்,
உன் தோழி
மதுரை