பழைய சினிமா பத்திரிகைகள காப்பாத்த கை குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊர் ஃபிலிம் சொசைட்டி கமிட்டி சார்பா ஒரு உதவி கேட்டு எழுதுறோம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

'அந்த நாள்' கிளாசிக்னு இன்னைக்கு எல்லாரும் சொல்றோம். 1954ல ஏவிஎம் எடுத்து எஸ். பாலச்சந்தர் டைரக்ட் பண்ண படம், பாட்டே கிடையாது, சிவாஜிய ஆரம்பத்துலயே சுட்டுடுறாங்க, அப்புறம் விசாரணையில ஆளாளுக்கு சொல்ற கதையில தான் அவர் யாருன்னே தெரிய வருது. பாட்டு இல்லாத படமான்னு அன்னைக்கு ஜனங்க கோவப்பட்டாங்க, படம் சரியா ஓடல. ஆனா அதுக்கு தேசிய விருதுல மெரிட் சர்டிபிகேட் கிடைச்சுது, பின்னாடி விமர்சகர்கள் அதப்பத்தி எழுதிக்கிட்டே இருந்தாங்க, அதனால தான் அது நம்ம வரைக்கும் வந்து சேர்ந்துச்சு. 'அன்பே சிவம்' வேற மாதிரி. 2003 பொங்கலுக்கு வந்து கையக் கடிச்ச படம், டிவில போடப்போட தான் வீட்டுக்கு வீடு சொந்தமாச்சு.

ஒரு படத்தப்பத்தி ஜனங்க நினைக்கிறது இப்படி எப்படி மாறிச்சுன்னு தெரியணும்னா வந்த புதுசுல அதப்பத்தி என்ன எழுதுனாங்கன்னு பாக்கணும்ல? '16 வயதினிலே'க்கு விகடன் 62.5 மார்க் போட்டது எல்லாருக்கும் மனப்பாடம், அந்த விமர்சனத்த முழுசா படிச்சவங்க எத்தன பேரு? 1931ல வந்த 'காளிதாஸ்' நிலைமை இன்னும் மோசம், பிரிண்டே மிஞ்சல, அன்னைய பத்திரிகைல வந்த விளம்பரமும் விமர்சனமும் ஃபோட்டோவும் தான் நமக்கு மிச்சம், அந்த பேப்பரும் போச்சுன்னா அவ்ளோதான்.

நம்மகிட்ட இப்ப மூணு பீரோ நிறைய பழைய இதழ் இருக்கு, பேசும் படம், குண்டூசி, விகடன்னு எல்லாம் மெம்பர்ஸ் வீட்டுலேர்ந்து வந்தது. பக்கத்த திருப்புனாலே ஓரம் அப்பளமா நொறுங்குது, பின் அடிச்ச இடம் துருப்பிடிச்சு அதச் சுத்தி இருக்குற எழுத்தையே தின்னுடுச்சு, இத ஜெராக்ஸ் மெஷின்ல கவுத்து அமுக்குனா முதுகு உடைஞ்சுரும். அதனால மேலேர்ந்து படம் புடிக்கிற ஸ்கேனர், ரெண்டு ஹார்ட் டிஸ்க், பூச்சி போகாத நல்ல பெட்டிங்க, ஸ்கேன் பண்ணி படம் வாரியா பிரிச்சு வைக்க ஒரு ஆளுக்கு ஆறு மாச சம்பளம், எல்லாம் சேத்து ரெண்டு லட்ச ரூபா ஆகும்னு கணக்கு போட்டிருக்கோம். ஸ்கேன் பண்ணத நம்ம ரீடிங் ரூம்ல யார் வேணா வந்து படிக்கலாம். வெளில போடுறதுன்னா உரிமை வச்சிருக்கவங்ககிட்ட அனுமதி வாங்கித்தான் போடுவோம்.

நூறு ரூபாயா இருந்தாலும் குடுங்க, அது எங்களுக்கு பெருசுதான். பொருளாளர்கிட்ட குடுத்து ரசீது கேட்டு வாங்கிக்கோங்க, வரவு செலவு மாசாமாசம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம்.

பணம் முடியலன்னா பரண்ல கிடக்குற பழைய சினிமா புக்கு, தியேட்டர்ல வித்த பாட்டுப் புஸ்தகம் எதுவா இருந்தாலும் எடுத்துட்டு வாங்க, ஸ்கேன் பண்ணிட்டு பத்திரமா திருப்பிக் குடுத்துடுறோம். கிழிஞ்சிருந்தா கிழிஞ்சபடியே கொண்டு வாங்க, செலோ டேப் மட்டும் தயவுசெஞ்சு ஒட்டிடாதீங்க.