‘இயற்கைச் சாயம்’ என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், செடிகளின் சாயம் தோய்த்த கம்பளி ஆடைகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். கைப்பின்னலுக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதே என்னைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆயினும், இயற்கைச் சாயத்தில் ரசாயனம் எதுவும் சேர்வதில்லை என்றும், அந்த நிறம் காலத்துக்கும் மங்காது என்றும் அதில் எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பின்னுகிறவள், கடந்த ஆறேழு ஆண்டுகளாக நூலுக்குச் சாயமும் வீட்டிலேயே போட்டுக்கொள்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உதகையில் இருக்கும் என் அண்ணனுக்காகச் சென்ற ஆண்டு ஒரு கோடு போட்ட கையில்லா ஸ்வெட்டர் பின்னினேன். மார்கழி, தை மாதங்களில் அங்கே விடியற்காலையில் புல்தரை உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். எழுபதைத் தாண்டிய மனிதருக்கு நெஞ்சும் முதுகும் கதகதப்பாக இருக்க வேண்டும்; தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிற கைக்கும் இடைஞ்சல் இருக்கக் கூடாது. ஆடையின் சுற்றளவு 100 சென்டிமீட்டர் என்றும், 4 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் விழும் என்றும் கணக்கிட்டு, முன்பக்கத்துக்கு 110, பின்பக்கத்துக்கு 110, பக்கத் தையலில் மறைவதற்காக ஒவ்வொன்றிலும் 2 கூடுதல் என்று 112 கண்ணிகளில் தொடங்கினேன். அடர்நீலம் ஆறு வரிசை, சிவப்பு நான்கு, மஞ்சள் இரண்டு, சாம்பல் நான்கு, ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே சாயம் போடாத வெள்ளை இரண்டு என்று கோடுகளை அமைத்தேன். எல்லாவற்றையும் இரட்டைப்படையாக வைத்தால், போய்வந்து பின்னும்போது நிறம் மாற்றும் இடம் எப்போதும் ஒரே ஓரத்தில் வரும்; அடிக்கடி தேவைப்படும் வெள்ளை நூலை அறுக்காமல் ஓரத்தோடு மேலே ஏற்றிக்கொண்டு போகலாம். முழு ஸ்வெட்டருக்கும் 300 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே நூல் செலவாயிற்று.

பின்னல் வேலை மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. நூலுக்கு நிறம் ஏற்றத்தான் இரண்டு மாதம் பிடித்தது. நீலத்துக்கான அவுரியைத் தவிர எனக்குத் தேவையான எல்லாமே நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தன: சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், சாம்பலுக்குக் கடுக்காய், சாயத்தை நூலில் பிடிக்கவைக்கும் படிகாரம், அன்னபேதி என்ற இரும்பு உப்பு. நான் சீட்டை நீட்டியதும், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்டார்.

மஞ்சிட்டியை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் கம்பளி நூலுக்குச் சுமார் 12 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, ஏற்கெனவே நனைத்துவைத்த நூலை அதில் போட்டு, ஒரு மணி நேரம் மெல்ல மெல்லச் சூடேற்றி, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட வேண்டும். சூட்டிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினாலோ, அவசரப்பட்டுக் கசக்கினாலோ கம்பளி சிக்குப்பிடித்துத் தடித்துவிடும். அப்புறம் அதைப் பிரிக்கப் பிரம்மாவாலும் முடியாது. இரவெல்லாம் ஊறிய 100 கிராம் இடித்த வேரோடு நூலைச் சேர்த்துச் சூடாக்கும்போது 70 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. கொதித்தால் சிவப்பு அடங்கிப் பழுப்பு மேலோங்கும். இவ்வளவையும் சரியாகச் செய்தும் என் முதல் நூற்கண்டு ஆரஞ்சு நிறத்தில்தான் வந்தது. காரணம் எங்கள் குன்னூர்த் தண்ணீர். மலைத் தண்ணீர் மென்னீர். மஞ்சிட்டிக்கோ சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீர்தான் பிடிக்கும். முட்டை ஓட்டை இடித்துப் பொடியாக்கி, துணியில் முடிந்து சாயத் தண்ணீரில் போட்ட பிறகே செங்கல்லுக்கும் குங்குமத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சிவப்பு இறங்கியது.

அவுரியின் வழியே வேறு. அதற்குப் படிகாரம் வேண்டாம். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிரிட்டு, இலையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கி, அடியில் தங்கும் நீலத்தை உலர்த்திக் கட்டியாக விற்கிறார்கள். கட்டி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பு போன்ற காரம் சேர்த்து, காற்றுப் புகாமல் பக்குவப்படுத்தினால் மட்டுமே தொட்டி பச்சை கலந்த மஞ்சளாக மாறி, நூலில் ஏறத் தயாராகும். மூழ்கிய நூலை வெளியே எடுக்கும்போது அது இளம் வாழைக்குருத்தின் நிறத்தில் இருக்கும். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே பச்சை கறுத்து நீலமாகும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. அடர்நீலம் வேண்டுமானால் நான்கைந்து முறை முக்கி, ஒவ்வொரு முறையும் காற்றாட விட்டு எடுக்க வேண்டும்.

கடுக்காய்ச் சாற்றில் ஊறிய நூலை, 100 கிராமுக்கு 2 கிராம் அன்னபேதி கரைத்த தண்ணீரில் காட்டினால் சாம்பல் நிறம் வந்துவிடும். அன்னபேதி கூடினால் நிறம் இன்னும் கறுக்கும், ஆனால் நூல் சொரசொரப்பாகிச் சீக்கிரம் இற்றுப்போகும்.

எஞ்சியது மஞ்சள் கோடு. அதை நானே சாயம் போடாமல் ஒரு கைவினைக் கண்காட்சியில் விலைக்கு வாங்கினேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது. அட்டையில் ‘இயற்கைச் சாயம், தூய கம்பளி’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது. எந்தச் செடி என்று கேட்டதற்கு, விற்றவர் எல்லாம் செடிதாம்மா என்றார். நிறம் அழகாக இருந்ததால் நானும் மேலே கேட்கவில்லை.

ஸ்வெட்டரை அனுப்பிய ஒரு மாதத்தில் அண்ணனிடமிருந்து தொலைபேசி வந்தது. “என்னம்மா, இதுக்குத் திருஷ்டி கழிச்சு அனுப்பினியா? பக்கெட்டுல ஆரத்தி ஓடுதே!” என்றார். அண்ணி அதைத் துணி சோப்புப் போட்டு அலசியிருக்கிறார். மஞ்சள் கோடுகள் அத்தனையும் செக்கச் செவேலென்று மாறி, பக்கத்தில் இருந்த வெள்ளைக் கோடுகளிலும் இலேசாகச் சாயம் இறங்கியிருந்தது. விஷயம் உடனே விளங்கிவிட்டது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவப்பது போலவே, சோப்பின் காரம் பட்டதும் சமையல் மஞ்சளால் தோய்த்த நூல் சிவந்திருக்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் முக்கச் சொன்னேன். கோடுகள் மறுபடி மஞ்சளாயின. ஆனால் வெயில் செய்த வேலையை மாற்ற எலுமிச்சையால் ஆகவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் தோள்பட்டையிலும் முதுகிலும் இருந்த மஞ்சள் கோடுகள் பாலாடை நிறத்துக்கு வெளுத்துப்போக, வெயில் படாத அக்குள் பக்கத்தில் மட்டும் அவை பளிச்சென்று நின்றன. அதே ஸ்வெட்டரில், அதே வெயிலில், அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் கொஞ்சமும் அசையவில்லை.

ஆகவே, இயற்கைச் சாயம் மங்காது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியாகாது. அவுரி வெயிலுக்கு அஞ்சாது. படிகாரத்தோடு சேர்ந்த மஞ்சிட்டியும் நன்றாகவே தாங்கும். செண்டுமல்லிப் பூவும் வெங்காயத் தோலும் நடுத்தரம். சமையல் மஞ்சள் வெயிலில் நிற்காது. எல்லாமே செடிதான், ஆடையில் அவற்றின் ஆயுள் நாலு விதம்.

ரசாயனம் இல்லை என்ற கூற்றுக்கு வருகிறேன். படிகாரம் ரசாயனம்தான், அன்னபேதி ரசாயனம்தான். சாயத்தை இழையோடு பிணைக்கும் இத்தகைய உப்புகளைப் பள்ளி வேதியியல் பாடத்தில் நிறமூன்றி என்று படித்திருக்கிறோம். அவை இல்லாவிட்டால் மஞ்சிட்டி முதலிய பல சாயங்கள் இரண்டு மூன்று சலவையிலேயே வெளிறிவிடும். படிகாரத்தை அளவோடு பயன்படுத்தினால் வீட்டுத் தோட்டத்துக்குப் பெரிய கேடு இல்லை. ஆனால் நிறத்துக்குப் பச்சைச் சாயல் கொடுக்க மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் போடுகிறவர்கள் உண்டு. பழைய செய்முறைகளில் குரோமிய உப்பும் உண்டு, அது நச்சு. செடியின் பெயரைச் சொல்லிக் குரோமிய உப்பில் தோய்த்த நூலையும் இயற்கைச் சாயம் என்றே விற்க முடியும் என்பதுதான் என் கவலை. செயற்கைச் சாயத்துக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். சாயக் கழிவால் நொய்யல் ஆறு என்ன பாடுபட்டது என்பதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட நேர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆனால் கழிவுநீரில் என்ன போகிறது என்று பட்டறைக்காரரைக் கேட்கிற நாம், அதே கேள்வியைக் கைவினைக் கடையிலும் கேட்பதுதானே முறை?

நம் முன்னோர் செய்ததைத் திரும்பச் செய்கிறோம் என்று அந்தக் கட்டுரையில் வந்த வரியிலும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரையின் சாய அறிவு பெரும்பாலும் பருத்தியைச் சார்ந்தது. சாயவேரும் கடுக்காயும் பாலும் சேர்ந்து பருத்தித் துணிக்குக் கொடுத்த சிவப்பைத் தேடிக் கடல் கடந்து வணிகர்கள் வந்தார்கள். சமவெளிச் செம்மறிகளில் பல இனங்களுக்கு உடம்பில் இருப்பது முடிதான், மென்கம்பளி கிடையாது. பருத்தி சாயத்தைச் சுலபத்தில் ஏற்காது, ஆனால் சுண்ணாம்பையும் காரத்தையும் தாங்கும். கம்பளியோ, நம் தலைமுடியைப் போலப் புரத இழை. சாயத்தை ஆசையோடு வாங்கிக்கொள்ளும், காரம் மிகுந்தால் நைந்துவிடும். பருத்திக்குப் போடும் அளவு சுண்ணாம்பை அவுரித் தொட்டியில் போட்டு அதில் கம்பளியை ஊறவிட்ட என் தொடக்க கால முயற்சி ஒன்று, தொட்டால் அறுந்துபோகும் நூலில்தான் முடிந்தது. இப்போது காரத்தைக் குறைத்து, சற்று நேரமே முக்கி, கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விடுகிறேன்.

நீலகிரிக்கு மட்டும் இதில் ஒரு தனிக் கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவான நீலகிரிச் செம்மறி, தென்னிந்தியாவில் மென்கம்பளி தரும் இனம். உதகையை அடுத்த சாண்டிநல்லாவில் அரசுக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் அதைப் பேணிவருகிறது. ஆனால் அந்தக் கம்பளியைக் கைப்பின்னலுக்கு ஏற்ற நூலாகக் கடையில் வாங்குவது குதிரைக்கொம்பு. நான் வாங்குவது வட மாநிலங்களிலிருந்து வரும் வெள்ளை நூல். இதைப் பற்றித் தங்கள் செய்தியாளர் ஒருவர் தனியே எழுதினால் நல்லது.

1868-இல் மஞ்சிட்டி இனத்து வேர்களின் சிவப்பையும், 1897 முதல் அவுரியின் நீலத்தையும் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்யத் தொடங்கிய பிறகு, எந்தச் செடி எவ்வளவு நாள் நிற்கும் என்ற அறிவு வீடுகளிலிருந்து மெல்ல மறைந்துவிட்டது. இன்று அதைத் திரும்பப் பெறுகிற நேரத்தில் விற்பவர்கள் அட்டையில் நான்கு விவரங்களை அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை: என்ன செடி, என்ன நிறமூன்றி, எதில் அலசுவது, வெயிலில் உலர்த்தலாமா கூடாதா. கைத்தறித் துறையும் கைவினைக் கண்காட்சி நடத்துகிறவர்களும் கடை ஒதுக்கும்போதே இதை நிபந்தனையாக்கினால் யாருக்கும் பெரிய செலவு இல்லை.

அதுவரை வாங்குகிறவர்கள் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியால் நூலை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அவுரி சரியாக அலசப்படவில்லை என்றால் துணி நீலமாகும், பின்னுகிறபோது விரலும் மூங்கில் ஊசியும் நீலமாகும். சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்துச் சடைபோல் பின்னி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுவையுங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் கோடு போட்ட ஆடையில் துணிந்து சேர்க்கலாம். ஓர் அட்டையில் நூலைச் சுற்றி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் வைத்துவிட்டுத் தாளை நீக்கினால், மீதிக் கதையை அட்டையே சொல்லும். ஒரே நிறத்தில் இரண்டு நூற்கண்டுகள் சற்று வேறுபட்டிருந்தால் கவலைப்பட வேண்டாம். இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு தெரியாது. கோடு போட்ட ஆடையில் அதுவும் ஓர் அழகுதான்.

அண்ணனுக்கு அடுத்த மார்கழிக்காக இன்னொன்று தொடங்கியிருக்கிறேன். மஞ்சள் கோட்டுக்கு இந்த முறை, வீட்டில் சேர்த்துவைத்த மாதுளைத் தோலைப் படிகாரத்தோடு பயன்படுத்தியிருக்கிறேன். கடுகு அரைத்த நிறம் வந்திருக்கிறது. அட்டை ஜன்னலில் ஏறி இன்றோடு இருபது நாள் ஆகிறது. இன்னும் பத்து நாள் கழித்துத் தாளை எடுத்துப் பார்த்த பிறகே அந்த நூலை ஊசியில் ஏற்றுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்