தொழுவத்து வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

அன்பு மகளுக்கு,

லாயத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரமே, "மாட்டுக்கு வருகிற கோமாரி குதிரைக்கு ஏன்பா வருவதில்லை?" என்று கேட்டாய். போனில் அவசரமாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

கோமாரி பிளவுபட்ட குளம்புள்ள மாடு, எருமை, ஆடு, பன்றிகளைத்தான் பிடிக்கும். குதிரைக்கு வராது, சரி. ஆனால் அந்தக் கிருமியின் பங்காளி ஒன்று குதிரைக்கு உண்டு. குதிரை ரைனைட்டிஸ் ஏ வைரஸ் என்று பெயர். காய்ச்சல், மூக்கொழுகல், இருமல் என்று வரும். பல குதிரைகளில் வந்து போனதே தெரியாது. சிறுநீரிலும் வெகுநாள் வெளியேறும் என்பதால் ஈர வைக்கோலை அலட்சியமாக அள்ளாதே. இரண்டு வைரஸும் பிக்கோர்னா என்ற ஒரே குடும்பம். பெயரே "சின்ன ஆர்என்ஏ" என்றுதான் பொருள்படும்; ஆர்என்ஏ என்பது அந்தக் கிருமியின் மரபுப்பொருள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் அடுக்கலாம், அவ்வளவு பொடி. போலியோ கிருமியும் இந்த வம்சம்தான்.

1898-இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ரோஷ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கோமாரிக் கொப்புளத்து நீரை, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார்கள். வடித்த நீரும் கன்றுகளுக்கு நோயைக் கொடுத்தது. விலங்குகளைத் தாக்கும் வைரஸ் என்று ஒன்று முதன்முதலில் பிடிபட்டது அப்படித்தான்.

கோமாரி கண்ட மாட்டின் நாக்கைப் பிடித்தால் மேல்தோல் கையோடு உரிந்து வரும். எச்சில் கயிறாகத் தரை வரை தொங்கும். பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கன்றுதான் பாவம். வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல், காலையில் பால் குடித்தது மத்தியானம் செத்துக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் இதயச் சதையில் வெளிறிய கோடுகள் புலித்தோல் போல ஓடும். நான் அதை முதலில் பார்த்தபோது உன் வயதுதான் எனக்கு. நோய் கண்ட ஒரு தொழுவத்திலிருந்து, கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதே செருப்போடு அடுத்த தொழுவத்துக்குப் போனேன். ஐந்தாம் நாள் அங்கே இரண்டு கன்றுகள் போய்விட்டன. நான்தான் கொண்டுபோனேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்தக் கிருமிக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் சோப்பும் ஸ்பிரிட்டும் அதைச் சுலபத்தில் உடைக்காது. புளிப்பான அமிலமும் சோடா போன்ற காரப்பொருளும்தான் அதற்கு எமன். சிட்ரிக் அமிலக் கரைசல் போதும், 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலும் போதும். ஆனால் முதலில் சாணியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சாணிக்கு அடியில் அது பத்திரமாக இருக்கும்.

குதிரைக்கு நோய் வராவிட்டாலும் அதன் குளம்பும் வண்டிச் சக்கரமும் உன் பூட்ஸும் கிருமியைச் சுமக்கும். 2001-இல் பிரிட்டனில் கோமாரி பரவி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்களே, அந்த வருடம் செல்ட்டனம் குதிரைப் பந்தய விழாவையே ரத்து செய்தார்கள். அக்கம்பக்கத்தில் கோமாரி வந்து லாயத்தை மூடச் சொன்னால் முதலாளி முணுமுணுப்பார். நீ விட்டுக்கொடுக்காதே.

அடுத்த மாதம் லீவுக்கு வருகிறாய் அல்லவா? நம் மாடு இப்போது சினை. லாயத்துச் செருப்பை வாசலிலேயே விட்டுவிடு. தொழுவத்துக்கு வெளியே உன் அளவில் ஒரு ஜோடி புது பூட்ஸும் ஒரு வாளி சலவைச் சோடாத் தண்ணீரும் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா