கௌதாரியைப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

பிரஸ்ஸல்ஸிலிருந்து நீ அனுப்பிய உருளை வந்து சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. உள்ளே இருந்த ஓவியப் பிரிண்டைவிட, அதோடு சுருட்டி வைத்திருந்த துண்டுச்சீட்டைத்தான் அதிகம் எடுத்துப் பார்த்திருக்கிறேன். "மாமா, வலது பக்கம் கீழே, கப்பலுக்குக் கிட்ட ரெண்டு கால் தெரியுதா? அது நான்தான். யாரும் திரும்பிக்கூடப் பாக்கல." நீ படிப்பைப் பாதியில் விட்டதை அக்கா முன்பே சொல்லியிருந்தாள். எனக்குப் பதில் எழுத வரவில்லை. இங்கே எழுதட்டுமா என்று கேட்டேன், சரி என்றாய். எழுதுகிறேன்.

முதலில் படத்தை ஃபிரேம் போட்ட கதை. கடைக்காரர் அளந்து பார்த்துவிட்டு, "கீழே ஒரு இஞ்ச் மவுண்டுக்குள்ள போயிடும் சார். அங்க வெறும் தண்ணிதானே" என்றார். கதையே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தவர், "ஐயோ, ஆள் முழுகுறானே" என்றார். பிறகு பெரிய சட்டமாகவே போட்டுத் தந்தார். இப்போது என் வரைபலகைக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

படம், ஓவியர் பீட்டர் புரூகலின் 'இக்காரஸின் வீழ்ச்சி'. கிரீட் தீவில் அடைபட்டுக் கிடந்த சிற்பி டெடலஸ், இறகையும் மெழுகையும் வைத்துத் தனக்கும் மகன் இக்காரஸுக்கும் சிறகு செய்கிறான். மகன் சூரியனுக்குக் கிட்டே போகிறான், மெழுகு உருகுகிறது, கடலில் விழுகிறான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ரோமக் கவிஞர் ஓவிட் பாடியது. அவர் பாட்டில் ஒரு தூண்டில்காரனும் ஒரு மேய்ப்பனும் ஒரு உழவனும் வருகிறார்கள். பறக்கிறவர்களை அண்ணாந்து பார்த்து, தேவர்கள்தான் போகிறார்கள் என்று மூவரும் மலைத்து நிற்கிறார்கள். புரூகல் அதே மூவரையும் வரைந்தார். ஆனால் உழவன் சால் விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தூண்டில்காரன் நீரைப் பார்க்கிறான். அதனால்தான் எல்லோரும் இதை 'பிறர் துயரைக் கண்டுகொள்ளாத உலகம்' என்று சொல்கிறார்கள். நீயும் அப்படித்தான் படித்திருக்கிறாய்.

மேய்ப்பனை விட்டுவிட்டாயே, பாப்பா. அவன் கோலை ஊன்றிக்கொண்டு மேலே பார்க்கிறான். மேலே ஒன்றுமில்லை. இத்தனை நுணுக்கமாக வரைந்த ஓவியர் ஒருவனை வெறும் வானத்தைப் பார்க்க வைப்பாரா? நீ இருக்கும் அதே ஊரில் வான் பியூரன் அருங்காட்சியகத்தில் இதே ஓவியத்தின் இன்னொரு வடிவம் மரப்பலகையில் இருக்கிறது. அதில் வானத்தில் டெடலஸ் பறக்கிறான். நீ பார்த்தது, அங்குள்ள அரசு அருங்காட்சியகம் 1912-இல் வாங்கிய கேன்வாஸ். அது புரூகலின் தொலைந்துபோன ஓவியம் ஒன்றைப் பார்த்து வேறொருவர் எழுதிய பிரதியாக இருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் இன்று நினைக்கிறார்கள். பிரதி எடுக்கும்போது வானத்திலிருந்த அப்பன் எப்படியோ விடுபட்டுவிட்டான். அவனைப் பார்த்த மேய்ப்பன் மட்டும் மிச்சம் என்றே எனக்குப் படுகிறது. என் சுவரில் இருப்பது அந்தப் பிரதியின் பிரிண்ட். இருந்தும் அந்த மனிதன் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது மேய்ப்பனுக்காக இல்லை. தூண்டில்காரனுக்குப் பக்கத்தில், ஒரு கிளையில், ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார். கௌதாரி.

அதுவும் ஓவிட்டின் கதையில் இருப்பதுதான். டெடலஸுக்கு ஒரு சகோதரி. பன்னிரண்டு வயதுப் பையனை, 'உன்னிடம் தொழில் கற்றுக்கொள்ளட்டும்' என்று அவனிடம் கொண்டுவந்து விடுகிறாள். மீன்முள்ளைப் பார்த்து இரும்பில் பல் வைத்து ரம்பம் செய்தவன் அந்தப் பையன். இரண்டு இரும்புக் காலை ஒரு மூட்டில் சேர்த்து, ஒன்றை ஊன்றி மற்றதைச் சுழற்றி வட்டம் போடும் காம்பஸைக் கண்டுபிடித்தவனும் அவனே. தாய்மாமனுக்குப் பொறுக்கவில்லை. ஏதென்ஸில் கோட்டை உச்சியிலிருந்து பிடித்துத் தள்ளிவிட்டு, தவறி விழுந்தான் என்று ஊருக்குச் சொன்னான். விழும்போதே ஏதெனா தேவி அந்தரத்தில் தாங்கி, இறகு போர்த்திக் கௌதாரியாக்கினாள். பழைய வீழ்ச்சி நினைவிருப்பதால்தான் அது உயரப் பறப்பதில்லை, தரையோடு புதரில் முட்டையிடுகிறது என்கிறார் ஓவிட். நம் ஊர்க் கௌதாரியும் அப்படித்தானே.

நாற்பது வருடம் காம்பஸ் பிடித்த தாய்மாமன் நான். அதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

நீ ஏழாம் வகுப்பு லீவுக்கு வந்திருந்தாய். ஒரு சின்ன வீட்டின் படிக்கட்டு இடத்துக்குள் அடங்காமல் மூன்று நாளாக அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் சாப்பிடப் போன நேரத்தில் நீ பென்சிலால் அதை நடுவில் திருப்பி, சன்னல் பக்கமாக ஏற்றி வைத்திருந்தாய். சரியாக உட்கார்ந்தது. நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ரப்பரால் அழித்துவிட்டு, "பெரியவங்க வேலையில கை வைக்காதே, போய்ப் படி" என்றேன். உனக்கு ஞாபகம் இருக்க வழியில்லாதது ஒன்று உண்டு: மறுநாள் அதே படிக்கட்டைத்தான் மையில் போட்டு, கீழே என் கையெழுத்தை வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நீ என் பலகைப் பக்கம் வரவில்லை. கட்டடக்கலை வேண்டாம் என்று வேறு எதையோ எடுத்தபோதும் நான் வாய் திறக்கவில்லை. உனக்கு வராத படிப்புக்காக அவ்வளவு தூரம் போனாய்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். இந்தப் படிக்கட்டைப் போட்டது என் அக்கா மகள், அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது என்று சொன்னேன். அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டு, ஏறிப் பாருங்கள் என்றார். பதினேழு படி. நீ திருப்பிய இடத்தில் சன்னல் வெளிச்சம் விழுகிறது. அங்கே ஒரு குழந்தை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. எனக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

என் பழைய காம்பஸைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பட்டுமா, வந்து எடுத்துக்கொள்கிறாயா?

உன்
மாமா